உள்வாய்ப் பூ

எங்கள் வீட்டுத் தோசைத் திருப்பி சேற்றில் குத்திட்டு நின்றது.

மங்கம்மா அதைப் பிடுங்கிப் புல்லில் துடைத்து என்னிடம் நீட்டினாள். ஏரி உள்வாயில், கரைக்கு உட்பக்கத்து ஈரநிலத்தில், புல் அறுக்கிறவள். நான்கு நாட்களுக்கு முன் என் மனைவி சுலோச்சனாவைப் பாம்பு கடித்தபோது ஓடிவந்து தூக்கியவளும் அவள்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போன வண்டி மாகறல் ஊரைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்த ஈரத்தில் சுலோச்சனாவுக்கு என்ன வேலை என்று ஊரே கேட்டது. எனக்கும் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் வந்திருந்தேன்.

மங்கம்மா குனிந்தாள். புல்லுக்கு நடுவே ஒரு சாண் உயரத்தில் ஒரு தண்டு. அதில் வெள்ளையாகச் சின்னச் சின்னப் பூக்கள்.

ஆர்க்கிட்.

நான் தாவரவியல் படித்தவன். அது மலையில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். தினமும் இந்தக் கரைமேல்தான் சைக்கிளில் அலுவலகம் போகிறேன்.

அவள் விரலால் மண்ணைக் கிளறி, செடியை வேரோடு எடுத்தாள். அடியில் இரண்டு கிழங்குகள். கறுத்துச் சுருங்கியிருந்ததைக் கிள்ளி எறிந்தாள். மற்றது குண்டாக, வெள்ளையாக அவள் உள்ளங்கையில் இருந்தது.

"காலேஜ் படிச்சவன்னு பேரு, இது கூடத் தெரியல உனுக்கு. தலைக்கு ஊத்திக்கின மூணாம் நாளு இத்த பாலுல அரைச்சிக் குடிச்சா வயித்துல தங்கும் நைனா. ஆடியிலேர்ந்து மாசாமாசம் தோண்டிக்கினு இருந்திச்சி அந்தப் பொண்ணு. உன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு என் கையில அடிச்சி சத்தியம் வாங்கிச்சி."

குறை தன்னிடம்தான் என்று சுலோச்சனா சொன்னாளாம். வீட்டில் எனக்கு இன்னொருத்தியைக் கட்டிவைத்துவிடுவார்கள் என்று இதே இடத்தில் உட்கார்ந்து அழுதாளாம்.

மங்கம்மா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதில் விழவில்லை.

எழுபத்தாறில், எமர்ஜென்சி சமயத்தில், நான் தற்காலிக எழுத்தர். கருத்தடை முகாமுக்கு ஒவ்வொருவரும் ஒரு ஆளையாவது கூட்டிவர வேண்டும். இல்லையென்றால் வேலை போய்விடும் என்றார்கள். கடைசி நாள்வரை எனக்கு யாரும் கிடைக்கவில்லை.

நானே போய்ப் படுத்தேன்.

படிவத்தை எழுதியதும் நான்தான். வயது இருபத்து மூன்று. மனைவி பெயர் என்ற இடத்தில் வாயில் வந்த ஒரு பெயர். குழந்தைகள் இரண்டு.

சுலோச்சனாவை நான் பெண் பார்த்தது அதற்கு அடுத்த வருடம்.