மிஞ்சிய குக்ரி

தசைன் பண்டிகையின் ஆயுத பூஜைக்குக் கூர்க்கா முகாமில் எல்லோரும் குக்ரியை உருவிப் பாயில் வைத்துவிட்டு, இடுப்பில் வெற்று உறையோடு நின்றார்கள். பண்டிதர் பொட்டு வைத்து முடித்ததும் அவரவர் கத்தியை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். ஹவில்தார் நர்ஜித்துக்கு மிஞ்சியது அவருடையது இல்லை. பிடியில் கீறலோடு கிடந்தது அஸ்பீரின் குக்ரி. போன வருஷம் ரோந்தில் அதை இடுப்பில் கட்டியபடியேதான் அஸ்பீர் பனிப்பிளவுக்குள் போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர்களைப் பிணைத்திருந்த கயிறு தானாக அறுந்தது என்று நர்ஜித் சொல்லியிருந்தார்.

“எவன்டா என்னோடதை எடுத்துட்டு இந்தச் சனியனை வெச்சது? தோலை உரிச்சிருவேன்!”

அன்று அதே கயிற்றில் அவருக்கு மேலே நின்ற லால்மன் முறைத்தான்.

“கத்தாதீங்க உஸ்தாத். பனிக்குள்ள இறங்கி இதை எவன் எடுத்துட்டு வருவான்?”

“அப்போ என் குக்ரி எங்கடா?”

“அன்னிக்குக் கயிறை அறுத்தது அதுதானே? அஸ்பீரே வந்து வாங்கிட்டுப் போயிருப்பான்.”

பூஜை முடிந்தபின் வெற்று உறையோடு நடக்கக் கூடாது. நர்ஜித் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே செருகினார். கச்சிதமாகப் பொருந்தியது.

மதியம் கறிச்சோற்றுப் பந்தியில் எவனும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. சுள்ளென்று அடித்த வெயிலில், அவர் உறையின் நுனியிலிருந்து பனிநீர் சொட்டிக்கொண்டே இருந்தது.