தங்கக் கலர் வீல்

"தங்கமா மின்னணும் தம்பி. தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ள இந்த வண்டியிலதான் வர்றாக" என்றார் சுந்தரலிங்கம்.

வெள்ளைக் கார் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் சக்கரமில்லாமல் நின்றது. கழற்றிய கறுப்பு வீல்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன.

"நேரா தங்கக் கலர் அடிச்சா பித்தளையாட்டம் இருக்கும்ணே. அடியில சில்வர் அடிச்சு, மேல தங்கச் சாயம் கலந்த க்ளியர் வார்னிஷ் அடிக்கணும். அப்பத்தான் தேன் ஊத்துன மாதிரி தெரியும். நாளைக்கு வாங்க" என்றான் பெயிண்டர் சுருளிராஜன்.

"இன்னைக்கே வேணும். நான் இங்கனயே இருக்கேன்." அவர் ஸ்டூலை வாசலில் போட்டுக்கொண்டு, தூசி வருமென்று ஷட்டரையும் பாதிக்கு மேல் இறக்கிவிட்டார்.

மனிதர் பெரியகுளத்துக்காரர். வழியில் தேனியில் எத்தனையோ பெரிய கடைகள் இருக்க, அத்தனையும் தாண்டிப் பழனிசெட்டிபட்டிக்கு வந்து தன் பேரைச் சொல்லி விசாரித்ததில் சுருளிராஜனுக்குப் பெருமைதான். முன்பக்க இடது வீலைத் தேய்க்க எடுக்கும்வரை அந்தப் பெருமை இருந்தது.

ரிம்மின் உள்பக்கம், பேலன்ஸுக்காக ஒட்டியிருந்த ஈயக் கட்டியின் இடுக்கில், துணிக் கிழிசல் ஒன்று மாட்டியிருந்தது. கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் மஞ்சள் கரை.

அந்தச் சேலையை அவன் பார்த்திருக்கிறான்.

முந்தாநாள் விடிகாலையில் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குக் கிளம்பிய ராக்கம்மாளை பைபாஸில் ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவன் தெருக்காரி. அவளை ஆம்புலன்ஸில் தூக்கி ஏற்றியவர்களில் அவனும் ஒருவன். மதுரையில் பெரியாஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்காமல் கிடக்கிறாள்.

பெட்ரோல் பங்க் கேமராவில் நம்பர் தெளிவாக விழவில்லை. வெள்ளைக் கார், கறுப்பு வீல். அது மட்டும்தான் தெரிந்தது. போலீஸ் அனுப்பிய அந்தப் படம் ஊரில் எல்லோருடைய போனிலும் இருந்தது.

ராக்கம்மாளின் மகள் மாரீஸ்வரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். "மாமா, அந்த வண்டி ஒங்க கடைக்கு வந்தாலும் வரும். பாத்தா விட்றாதீக."

விடமாட்டேன் என்று சொல்லியிருந்தான்.

நிமிர்ந்து காரைப் பார்த்தான். முன்பக்க பம்பர் மட்டும் புத்தம் புதிது. வாசலைப் பார்த்தான். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் இருந்த வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு சுந்தரலிங்கம் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, தின்னர் தீந்துபோச்சு. ஒரு எட்டு போயி வாங்கியாந்துர்றேன்."

"நீ எதுக்கு அலையிற? எந்தக் கடைன்னு சொல்லு, போன் போட்டுக் கொண்டாரச் சொல்லுவோம்." குரல் தன்மையாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டூல் நகரவில்லை.

அந்த வீலைத் தூக்கிக்கொண்டு பெயிண்ட் அடிக்கும் மறைப்புக்குள் போய் பிளாஸ்டிக் திரையை இழுத்துவிட்டுக்கொண்டான். முதலில் மகனைத்தான் கூப்பிட்டான். கிடைக்கிற வண்டிக்கெல்லாம் ஆக்டிங் டிரைவராகப் போகிறவன் தமிழ்மாறன். மூணாறு சவாரி என்று போனவனின் போன் நேற்றுப்போலவே அணைந்து கிடந்தது. மலையில் டவர் இல்லை போலிருக்கிறது.

வெளியே சுந்தரலிங்கத்தின் போன் அடித்தது. அவர் தணிந்த குரலில் பேசினார்.

"ஏலே, அழுகாத. வேல நடந்துக்கிட்டிருக்கு. நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. நீ மொதல்ல சாப்பிடு."

சுருளிராஜனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகன் செய்த பாவத்துக்குத் தகப்பன் வந்து காவல் உட்கார்ந்திருக்கிறார். கோபம் சட்டென்று இறங்கிப்போனது. அவனும் ஒரு பிள்ளையைப் பெற்றவன். இந்த மனிதரின் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்வோமென்று நினைத்துப் பார்த்தான்.

கிழிசலைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றான். பிறகு அதையும் வீலையும் படம் எடுத்து, போலீஸ் கொடுத்திருந்த நம்பருக்கு அனுப்பினான். கம்ப்ரசரை ஓடவிட்டு, வேறொரு வீலுக்கு ஒன்றும் நடக்காததுபோல் சில்வர் அடித்தான். அது காய்ந்ததும் தங்கச் சாயம் ஏற்றினான். தேன் போலத்தான் வந்தது.

ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஷட்டர் கடகடவென்று மேலே போனது. எஸ்.ஐ. துணியை வாங்கிப் பார்த்துவிட்டு சுந்தரலிங்கத்திடம் திரும்பினார்.

"வண்டி ஒங்களுதா?"

"என்னுதுதான்."

"ஓட்டுனது யாரு?"

அவர் சுருளிராஜனையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை.

"நீயா தம்பி தகவல் குடுத்த?"

"ஆமாண்ணே. அந்தப் புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன்." சுருளிராஜனுக்குக் கண் கலங்கியது. "நானும் பிள்ள பெத்தவந்தான். ஒங்க மனசு எனக்குத் தெரியுது. ஆனா அங்க ஒரு உசுரு கெடக்கு. பெத்த பாசத்துல மறைக்காதீக, சொல்லிருங்க."

சுந்தரலிங்கம் ஸ்டூலிலிருந்து எழுந்து, அருகில் வந்து, அவன் தோளில் கை வைத்தார்.

"எனக்குப் புள்ள கெடையாது சுருளி. என்னைய ஒங்கிட்ட அனுப்புனவன்தான் ஓட்டுனான். ஒம் மகன்."