என்ற பங்கு

"செத்துக்கித்துப் போயிராதடா! அப்பறம் என்ற பங்குக்கு எவன்டா பதில் சொல்லுவான்?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குரலில் வக்கீல் ஞானதாஸ் குடித்துக்கொண்டிருந்த மோர் சட்டையில் சிந்தியது. வழக்கு இன்னொரு வக்கீலிடமிருந்து அவர் கைக்கு வந்திருந்தது. தகராறில் இருக்கும் கிணற்றை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று சேலத்திலிருந்து பஸ் ஏறி, பரமத்தி வேலூருக்கு அன்றுதான் வந்திருந்தார்.

"யாருங்க அது?"

"எதிர்பார்ட்டிங்க. சென்னிமலை," என்றார் அவருடைய கட்சிக்காரர் நாச்சிமுத்து. "பொறந்தப்ப எனக்கு அண்ணன். கெணத்துக்குக் கேசு போட்டப்பறம் பங்காளி."

"சாகாதேன்னு மிரட்டுற எதிர்பார்ட்டியை இப்பத்தான் பார்க்கறேன்."

நாச்சிமுத்து சிரித்தார். கன்னங்கள் மேலேறிக் கண்களை மூடிக்கொண்டன. கையும் காலும் குச்சி. முகம் மட்டும் பூசணிக்காய். வக்கீல் அதையே பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"மாத்தர பண்ற வேலைங்க. போன வருசம் மெட்ராசுல எனக்குக் கிட்னி மாத்துனாங்க. புதுசா வந்தத வெளியாளுன்னு நெனச்சுட்டு ஒடம்பு அதோட மல்லுக்கு நிக்குமாம். அத அடக்கி வெக்கறதுக்குத்தான் மாத்தர. உசுரு இருக்கற மட்டும் முழுங்கோணுமாம்."

"ஸ்டே ஆர்டர்னு சொல்லுங்க."

"அதேதானுங்க."

"குடுத்தது யாரு?" என்று கேட்டபடியே வக்கீல், மோர்ச் சொம்போடு நின்ற நாச்சிமுத்துவின் மனைவி வசந்தாமணியைப் பார்த்தார்.

"சொந்தத்துலதாங்க," என்று நாச்சிமுத்து முனகினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வக்கீலுக்கு அந்தச் சாட்சி போதும். மகராசி என்று மனதுக்குள் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அந்த ஸ்டே ஆர்டரத்தானுங்க நாலஞ்சு நாளா வெத்தலக் கொடிக்காலுக்குள்ள வீசிட்டு இருக்கறாரு," என்றாள் வசந்தாமணி. "சந்தையில எவனோ, 'என்ன பணியாரம், சவுக்கியமா?'ன்னு கேட்டுப்போட்டானாம். இவருக்கு மூஞ்சி வத்தோணுமாமுங்க."

வக்கீல் அவள் பக்கம் திரும்பினார். "நிறுத்தினா என்ன ஆகும்?"

"வெச்ச கிட்னிய ஒடம்பே தின்னுபோடும்னு டாக்டரு சொன்னாருங்க. அது போனா ஆளும் போயிருவாரு."

"நாலு நாள் உட்டா ஒண்ணும் ஆவாது," என்றார் நாச்சிமுத்து. "கண்ணாடியப் பாத்தா எனக்கே என்னைய அடையாளம் தெரியலீங்க. ஒடம்புக்கு மட்டும் வெளியாளு தெரிஞ்சுருமாக்கும்?"

வசந்தாமணி சொம்பைக் கீழே வைத்தாள். நேராக வேலிக்குப் போனாள்.

"மாமா! இவரு மாத்தர முழுங்கறதில்லீங்க!"

கட்சிக்காரரின் ரகசியத்தை எதிர்பார்ட்டியிடம் கூவிச் சொல்லும் மனைவியை வக்கீல் எந்தக் கோர்ட்டிலும் கண்டதில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் சென்னிமலை வேலியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பனியனும் வேட்டியுமாக, கையில் மண்ணோடு. அத்துமீறி நுழைந்தது, ஒன்று. வக்கீல் மனதில் குறித்துக்கொண்டார்.

"வாயத் தொறடா."

"என்னக் கேக்க நீ யாரு?"

"பங்குக்காரன். பணியாரமா இருந்தா என்ன, இட்டிலியா இருந்தா என்ன? இனி உன்னப் பாத்து எவன் பொண்ணு குடுக்கப் போறான்? வசந்தாமணி, எடுத்துட்டு வா."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். நாச்சிமுத்து அண்ணனை முறைத்துக்கொண்டே விழுங்கினார்.

"நாக்கத் தூக்கு."

தூக்கினார்.

"நாளைக்கும் வாரேன். வீசறது தெரிஞ்சா கொடிக்காலோட சேத்து உன்னையும் தோண்டிப்போடுவேன்."

மிரட்டல், இரண்டு. வக்கீல் எழுந்தே விட்டார். "இங்க பாருங்க. கிணத்துல உங்களுக்குப் பங்கு உண்டா இல்லையான்னு கோர்ட் சொல்லும். அதுவரைக்கும் என் கட்சிக்காரரை நீங்க இப்படி..."

"கெணத்துக் கேச நான் உடறதா இல்லீங்க வக்கீலய்யா. பாதித் தண்ணி என்ற பங்கு. அத இவன்கிட்டக் கோர்ட்டுலயே வாங்கிக்கறேன். இது வேற பங்கு."

"வேற பங்கா?" வக்கீல் சுறுசுறுப்பானார். "அதுக்குப் பத்திரம் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"இருக்குதுங்களே," என்று சென்னிமலை பனியனைத் தூக்கினார். விலாவுக்குக் கீழே, முதுகிலிருந்து வயிறு வரைக்கும், தையல் போட்ட தழும்பு ஒன்று நீளமாக ஓடியது.