செல்லாத லைசென்ஸ்

அமுதவள்ளி முந்தானைக்குள் வைத்திருந்தது வலது கையா, இடது கையா என்று இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் கை வெளியே வரவே இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

விருத்தாசலம் சார்பதிவாளர் அலுவலக வாசல். காலை பதினொன்று இருக்கும். அதுவும் சரியாக நினைவில்லை.

அமுதவள்ளிக்குப் பின்னால் அவர் மகன் கோகுலகிருஷ்ணன். பீங்கான் கம்பெனியில் சூளை பார்ப்பவன். அவனை ஒட்டி வளர்மதி. முந்தின நாள்தான் தாலி ஏறியிருந்தது. திருமணத்தைப் பதிவு செய்ய வந்திருந்தார்கள்.

வாசலை மறித்து நின்றவர் வளர்மதியின் சித்தப்பா காத்தவராயன். கூட நாலு பேர். பெண்ணைத் தூக்கிக்கொண்டு போக வந்திருந்தார்கள். பையன் வேறு சாதி. அவர்களுக்கு அந்த ஒரு காரணம் போதும்.

அவர்கள் காரின் பின்கதவு திறந்தே இருந்தது.

பாதுகாப்புக்கு வந்த போலீஸ் நான் ஒருவன்தான். ஸ்டேஷன் ரைட்டர். மறுநாள் பழமலைநாதருக்குத் தேர். மற்றவர்கள் எல்லோரும் கோயிலைச் சுற்றி நின்றார்கள். என்னிடம் ஒரு பேனா இருந்தது.

அமுதவள்ளி மத்திய ரிசர்வ் போலீஸில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். ஜம்முவில் இருந்தபோது சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்கினார். அதன் லைசென்ஸில் ‘அந்த மாநிலத்துக்குள் மட்டும்’ என்று ஒரு வரி உண்டு. அவர் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டார். அந்த வரி மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

பிஸ்டல் இருப்பது ஊருக்கே தெரியும். காத்தவராயன் அதற்குத்தான் இத்தனை நாள் பயந்தார்.

ஸ்டேஷனில் என்னை ஊமை ரைட்டர் என்பார்கள். நாலு நாள் முன்பு டீக்கடையில் அந்த ஊமை வாய் திறந்துவிட்டது. “அந்தம்மா லைசென்ஸு நம்ம பக்கம் செல்லுமா சார்?” என்று காத்தவராயன் கேட்டார்.

“செல்லாது” என்றேன்.

ஒரே சொல். வெறும் விதியைச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அந்தச் சொல்லை நம்பித்தான் அவர் காரை எடுத்து வந்திருந்தார்.

“என்னாம்மா, இடுப்புல கைய வச்சிக்கிட்டு யாருக்குப் பூச்சி காட்டுற? ஜம்மு லைசென்ஸு இங்க செல்லாதாம். ரைட்டரே சொல்லிட்டாரு” என்றார் காத்தவராயன், வாசலை மறித்தபடியே.

நான் தரையைப் பார்த்தேன்.

அமுதவள்ளி ஒரு படி ஏறினார்.

“லைசென்ஸுதான் சம்பந்தி செல்லாது. குண்டு செல்லும்.”

சம்பந்தி என்ற சொல்தான் முதலில் பட்டது. காத்தவராயனின் முகம் கறுத்தது. குண்டு என்ற சொல் கொஞ்சம் பொறுத்துத்தான் போய்ச் சேர்ந்தது. நாலு பேரில் இரண்டு பேர் காருக்கு மறுபக்கம் போய்விட்டார்கள்.

“ரைட்டர் சார், பாத்துகிட்டே நிக்கிறீங்களே! செல்லாத லைசென்ஸுன்னா அது கள்ளத் துப்பாக்கிதானே? கைய வெளிய எடுக்கச் சொல்லுங்க. சோதனை போடுங்க!” என்று காத்தவராயன் கத்தினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அமுதவள்ளியும் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. நீ என்ன செய்வாய் என்ற கேள்விகூட இல்லை. செய்வதைச் செய், நான் இன்னொரு படி ஏறப் போகிறேன் என்பதுபோல இருந்தது.

வளர்மதி கோகுலகிருஷ்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

வெள்ளை மண் ஏற்றிய லாரி ஒன்று சாலையைக் கடந்து போனது. அதன் தூசி அடங்கிய பிறகுதான் நான் வாய் திறந்ததாக ஞாபகம்.

“பொம்பளைங்கள பொம்பளை போலீஸுதான் சோதிக்கணும். எல்லாரும் தேர் டியூட்டியில இருக்காங்க. சாயந்திரம் வருவாங்க. அதுவரைக்கும் நீங்க இங்கயே அந்தம்மாவுக்கு எதிர நில்லுங்க.”

சாயந்திரம்வரை அந்தக் கைக்கு எதிரே நிற்பது என்பதைக் காத்தவராயன் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

அமுதவள்ளி அடுத்த படியில் கால் வைத்தார். காத்தவராயன் நகர்ந்தார். அரை அடிதான். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக அந்த அரை அடிக்குள் நுழைந்து உள்ளே போனார்கள்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. விதி அதுதான். ஆனால் சோதிக்க எந்தப் போலீஸும் தேவைப்பட்டிருக்காது.

அமுதவள்ளியின் பிஸ்டல் அதற்குப் பதினோரு நாள் முன்பே எங்கள் ஸ்டேஷன் பீரோவில் இருந்தது. செல்லாது என்று தெரிந்ததும் அவரே கொண்டுவந்து ஒப்படைத்தார். நம்பரைப் பார்த்து ரசீது எழுதிக் கொடுத்தவன் நான். பீரோ சாவி அன்று என் சட்டைப் பையில் கிடந்தது.

முந்தானைக்குள் என்ன இருந்தது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கோகுலகிருஷ்ணனும் வளர்மதியும் இப்போது குஜராத்தில் இருக்கிறார்கள். அங்கே டைல்ஸ் கம்பெனியில் அவனுக்குச் சூளை வேலை. வாடகைக்கு வீடு பார்த்தபோது வீட்டு உரிமையாளரிடம் விருத்தாசலத்தில் பதிந்த சான்றிதழைக் காட்டினார்களாம். ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாராம். ஒரு பெண் குழந்தை.

நான் சேத்தியாத்தோப்புக்கு மாற்றலாகிவிட்டேன்.

பிஸ்டல் அதே பீரோவில் இருக்கிறது. லைசென்ஸை இங்கேயும் செல்லும்படி மாற்றித் தரக் கேட்டு அமுதவள்ளி போட்ட மனு இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது மனுவைப் போட்டிருக்கிறார். அதே வீட்டில் தனியாக இருக்கிறார்.

அந்த வீட்டைக் கடக்கும்போது காத்தவராயன் இன்றும் தெருவின் எதிர்ப்பக்கம்தான் நடக்கிறார்.