நீலக்கோடு நிற்கும் இடம்

திரையில் எழுத்துகளின் அடியில், இணைப்பைக் காட்டும் நீலக்கோடு நிற்காமல் ஓடுகிறது. அது வேறொரு மொழியில் எழுதிய வெள்ள எச்சரிக்கை. நிவாரண முகாம்களின் வரைபடத்துக்கான இணைய முகவரியோடு நின்றிருக்க வேண்டிய கோடு, அடுத்து வரும் வாக்கியத்தையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. தட்டினால் பக்கம் திறக்க மறுக்கிறது. அந்த மொழியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடுகிற வழக்கமே கிடையாது. முகவரியும் அதே எழுத்தில்தான். செய்தி எழுதும் இந்தச் செயலியை உருவாக்கியவளுக்குத் தலை எது, வால் எது என்று பிடிபடவில்லை. மழை வெளிச்சம் ஜன்னல் வழியே திரைமேல் நெளிகிறது. அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மொழிபெயர்ப்பாளர், பக்கத்து நாற்காலியில் இருப்பவர், தேநீர்க் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு விரலை எழுத்துகளின் மேல் ஓட்டுகிறார். விரல் ஓரிடத்தில் தயங்காமல் நிற்கிறது. “இங்கதான் முடியுது.” “இடமே விடாம எழுதினா எப்படிக்கா தெரியுது?” என்கிறாள் இவள். “நீ மட்டும் இடம் விட்டா பேசறே?” விரல் நின்ற இடத்தில் இவள் இணைப்பை வெட்டுகிறாள். கோடு சுருங்குகிறது, வரைபடம் விரிகிறது, எச்சரிக்கை போய்ச் சேர்கிறது. மேசையில் போன் அதிர்கிறது. அம்மா. “மழைகொட்டுதேகுடைஎடுத்தியாசாப்பிட்டியாஎப்பவருவே” என்று ஒரே மூச்சில் கொட்டுகிறாள். இவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு சொல்லும் எங்கே முடிகிறது என்று தெரிகிறது. எப்படித் தெரிகிறது என்றுதான் தெரியவில்லை.