பத்து எண்ணும்வரை

"ஒன்று" என்று கத்திப் பலகையில் அறைந்தேன்.

விழுந்து கிடந்த மல்லர்கள் இருவரும் அசையவில்லை. அசையக் கூடாது என்றுதான் பேச்சு.

போலந்தில் குட்னோ ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் கூடம். ஞாயிறு மதியம் குழந்தைகுட்டிகளோடு வந்திருந்த கூட்டம் என்னோடு சேர்ந்து எண்ணத் தொடங்கியது. வாசலில் விற்ற புளித்த முட்டைக்கோஸ் கறியின் வாசனை மேடைவரை வந்தது.

மேடை என்று பெயர்தான். பலகைகள் வூச் நகரத்திலிருந்து வந்த எங்கள் மல்யுத்தக் கம்பெனியுடையவை. கம்பங்களும் கயிறுகளும் கிடான்ஸ்க் கம்பெனியுடையவை. இரண்டு பேரிடமும் முழு மேடை கிடையாது. அதனால் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஒரே மேடையில் பிழைப்பு நடத்தினோம்.

நடுவரும் பொதுதான். நான் எதிர்க்கட்சி என்று இரண்டு பக்கமும் சந்தேகப்பட்டதால் என்னையே வைத்துக்கொண்டார்கள்.

எப்படி முடிப்பது என்று காலையில் பேசும்போதே சண்டை வந்துவிட்டது. மேடையில் நாங்கள் காட்டும் சண்டையைவிட அது நிஜமானது.

"என் ஆளு தோத்தா அடுத்த மாசம் கிடான்ஸ்க்ல ஒரு டிக்கெட் விக்காது" என்றாள் அந்தக் கம்பெனியின் முதலாளி ஹலினா.

"அப்போ என் ஆளு மட்டும் பாய் விரிச்சுப் படுக்கவா வந்திருக்கான்?" என்றார் எங்கள் முதலாளி ரோமுவால்ட்.

கடைசியில் யாருக்கும் தோல்வி இல்லை என்று முடிவாயிற்று. எங்கள் பிளாஜெயும் அவர்களுடைய கிராட்சியனும் மேல் கயிற்றிலிருந்து ஒன்றாக விழ வேண்டும். நான் பத்து எண்ணும்வரை எழக் கூடாது. ஆட்டம் சமம்.

அதற்குப் பிறகு எல்லாம் சுமுகம்தான். மணிக்கட்டில் சுற்றும் கறுப்புப் பட்டையைக் கிராட்சியன் ஊரிலேயே மறந்துவிட்டான். எங்கள் ஆட்கள் சுற்றும் வெள்ளைப் பட்டைச் சுருளிலிருந்தே கிழித்துச் சுற்றிக்கொண்டான். உறவு அந்த அளவுக்கு முன்னேறியிருந்தது.

"இரண்டு."

அவர்கள் விழுந்த சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. சரியாக விழுந்தால் பலகை இடிபோலச் சத்தம் போடும். இது ஈரச் சாக்கை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

உண்மையாகவே யாருக்காவது அடிபட்டால், நான் கைகளைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடிக்க வேண்டும். மருத்துவர் ஓடி வருவார். ஆட்டம் அங்கேயே நிற்கும், எழுந்து நிற்பவன் ஜெயித்தவனாகிவிடுவான். அதோடு இரண்டு கம்பெனியும் ஆளுக்கொரு வண்டியில் பலகையையும் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடும்.

காட்டாமல் விட்டு, அடிபட்டது கழுத்தாக இருந்தால்?

எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் தொழிலில் எப்போதும் செய்வதைச் செய்தேன். விழுந்தவன் கையைக் கூட்டத்துக்குத் தெரியாமல் பிடித்து ஒருமுறை அழுத்த வேண்டும். நன்றாக இருப்பவன் திரும்ப அழுத்துவான்.

பிளாஜெய் குப்புறக் கிடந்தான். அவன் தோளுக்குக் குறுக்கே கிராட்சியன். பிளாஜெயின் நீள முடி முகத்தை மூடிப் பலகையில் பரவியிருந்தது.

இந்தப் பக்கம் கிடந்த கிராட்சியனின் கையை அழுத்தினேன். திரும்ப அழுத்தினான்.

எண்ணிக்கொண்டே தவழ்ந்து அந்தப் பக்கம் போனேன். பிளாஜெயின் முடிக்கு அடியிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் எங்கள் வெள்ளைப் பட்டை. பிடித்து அழுத்தினேன்.

உடனே பதில் வந்தது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

வாரநாட்களில் குளியலறைக்கு ஓடு பதிப்பவன் பிளாஜெய். விரல்கள் இடுக்கி மாதிரி. அழுத்திவிட்டு என் சுண்டுவிரலை ஒரு கிள்ளு கிள்ளாமல் விடமாட்டான். நான் முகம் சுளித்தால் அவனுக்குக் கொண்டாட்டம். இன்று கிள்ளவில்லை. முதலாளிகள் பார்க்கிறார்கள், ஒழுங்காக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

"எட்டு."

கூட்டத்தின் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. ஒன்பதில் என் குரல் மட்டும்தான் கேட்டது. குனிந்தேன். மூச்சுவிடும் ஓசை ஒன்றே ஒன்றாகக் கேட்டது. இருவரும் ஒரே தாளத்தில் மூச்சு விடுகிறார்கள், நல்ல ஜோடி என்று தோன்றியது.

"பத்து."

மணி அடித்தது. கூடம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. திரைக்குப் பக்கத்தில் ஹலினாவும் ரோமுவால்டும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கிராட்சியன் எழுந்து உட்கார்ந்தான். பிளாஜெயின் முடிக்கு அடியிலிருந்து தன் இடது கையை உருவிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னண்ணே, என் மேல அவ்வளவு சந்தேகமா? ரெண்டு தடவை கேட்டீங்க. நல்லாத்தான் இருக்கேன்னு ரெண்டு தடவையும் சொன்னேனே."

பிளாஜெய் எழவில்லை. அவன் கைகள் இரண்டும் அவன் வயிற்றுக்கு அடியில் இருந்தன.

என் கைகளைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தேன். அதுவும் ஆட்டத்தில் சேர்ந்தது என்று கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

ஹலினாவும் ரோமுவால்டும் பிடித்திருந்த கையை விட்டார்கள். பேசியதை மீறிவிட்டதாக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

பிளாஜெயின் ஒரு கையை மட்டும் மெல்ல வெளியே எடுத்து அழுத்தினேன். மறுபடியும் அழுத்தினேன். என் சுண்டுவிரலை அவன் விரல்களுக்கு நடுவில் வைத்தேன்.

"கிள்ளுடா" என்றேன்.