லானியின் வாய்

"உங்க வாயைக் கொஞ்சம் மூடறீங்களா? ஆடறது உங்க பையனா, நீங்களா?"

பக்கத்து மடக்கு நாற்காலியில் இருந்த ப்ரெண்டா, சூரியகாந்தி விதையின் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிவிட்டுக் கேட்டாள். அவள் மகன் கோடி எதிரணியில் மூன்றாவது பேஸை, ஓடுபவன் தொட வேண்டிய மூன்றாம் முனையை, காப்பவன்.

"வாய் என்னுது. எப்ப மூடணும்னு எனக்குத் தெரியும்" என்றான் லானி.

பன்னிரண்டு வயதுப் பையன்களின் பேஸ்பால் போட்டியில் அன்று இறுதி ஆட்டம். நெப்ராஸ்காவின் ஜூலை வெயிலில் மூன்று நாள் வெந்துபோய், மற்ற அப்பாக்கள் எல்லாம் குடைக்கடியில் அடங்கிவிட்டார்கள். லானிக்கு மட்டும் தொண்டை ஓயவில்லை. கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டைப் பைக்குப் பொத்தான் போட்டிருந்தான். அது சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

லானியின் மகன் அணிப் பயிற்சியாளர் டக் பாவம். எதிரணிக்குத் தெரியக் கூடாதென்று தொப்பியைத் தொட்டு, மூக்கைத் தடவி, இடுப்பு வாரைத் தட்டி, ரகசியச் சைகையில்தான் பையன்களுக்கு உத்தரவு போடுவார். வாரம் தவறாமல் பயிற்சிக்கு வந்து உட்கார்ந்த லானிக்கு அந்தச் சைகைகள் அத்தனையும் மனப்பாடம். அவற்றை ஊருக்கே தமுக்கடித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மகன் ட்ராய் முதல் தடவை மட்டை பிடித்தபோது, "மெல்லத் தட்டி விடுடா" என்று கத்தினான். ட்ராய் தட்டினான். தயாராக ஓடிவந்த கோடி பந்தைப் பொறுக்கி எறிந்து அவனை வெளியே அனுப்பினான். இரண்டாவது தடவை, "முதல் பந்தை விட்டுடு, அடுத்ததை அடி" என்றான். அப்படியே நடந்தது. அதைக் கேட்டுவிட்ட எதிரணி அடுத்த பந்தை எட்டாத உயரத்தில் போட்டது. ட்ராய் காற்றைத்தான் அடித்தான்.

"உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும். நாங்க ஜெயிச்சா கோப்பையில பாதி உங்களுக்கு" என்றாள் ப்ரெண்டா.

"முழுசாவே எடுத்துக்கறேன்."

"போன வருஷமும் சொதப்பினது உங்க பையன்தானே? எங்க பையன்க எல்லாரும் 'விலகு, விலகு'ன்னு கத்தறாங்க, நடு மைதானத்துல மரமா நிக்கறான். என் கோடிமேல மோதி ரெண்டு பேரும் விழுந்தாங்க. மரமண்டைன்னு பேரே வெச்சுட்டோம். என் கோடி அப்படியில்லை. சொன்ன பேச்சைக் கேக்கிற பிள்ளை."

லானி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அந்தப் பேரும் அதைச் சொல்லிச் சிரித்த சிரிப்பும் ஒரு வருஷமாக அவன் நெஞ்சில் தைத்துக் கிடந்தன. ட்ராய் அன்று காரில் வீடு திரும்பும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

போட்டியை நடத்தும் வெண்டல் மஞ்சள் சட்டையில் வேர்த்து வடிய வந்து நின்றார்.

"சார், வெளியிலேர்ந்து ஆட்டக்காரனுக்குச் சொல்லித் தரக் கூடாது. விதி எழுதி ஒட்டியிருக்கு."

"நான் என் பையனுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே."

"அரை மைலுக்குக் கேக்குது சார்."

"கேக்கும். ஆனா அவனுக்கு நான் சொல்லலை."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்க. இன்னொரு தடவை வாயைத் திறந்தா உங்க அணி தோத்ததா எழுதிடுவேன். பதினொரு பசங்க அழுவாங்க. உங்களாலதான்னு நானே சொல்வேன்."

"எழுதுங்க. பேனா இருக்கா?"

வெண்டல் அங்கேயே காவலுக்கு நின்றுவிட்டார்.

கடைசிச் சுற்று. இரண்டு அணியும் சமம். மூன்றாவது பேஸில் நிற்கும் ட்ராயின் அணிப் பையன் ஓடி, 'வீடு' என்கிற கடைசி முனையைச் சேர்ந்தால் அவர்களுக்குத்தான் கோப்பை. ட்ராய் தலைக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு மட்டையோடு வந்தான். டக் தொப்பியைத் தொட்டார், முழங்கையைத் தேய்த்தார்.

லானி வெண்டலைப் பார்த்தான். ப்ரெண்டாவைப் பார்த்தான். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"தட்டி விடு ட்ராய். மெல்லத் தட்டி விடு."

மைதானமே திரும்பிப் பார்த்தது. ட்ராய் மட்டும் திரும்பவில்லை. அவன் கண் டக்கின் கையிலேயே இருந்தது. கோடியும் மற்றவர்களும் தட்டும் பந்தைப் பிடிக்கக் குனிந்துகொண்டே முன்னால் ஓடிவந்தார்கள்.

ட்ராய் மட்டையை முழு வீச்சில் சுழற்றினான். பந்து கோடியின் தலைக்கு மேலே பறந்து, யாருமில்லாத புல்லில் விழுந்து உருண்டது. காத்திருந்த பையன் ஓடி வீடு சேர்ந்தான்.

கூச்சல் அடங்குமுன் வெண்டல் லானியின் தோளைத் தொட்டார். "செல்லாது. என் ரெண்டு காதால கேட்டேன். பையன் கீழ்ப்படியலைன்னாலும் நீங்க சொல்லித் தந்தது தந்ததுதான்."

அதற்குள் ட்ராய் புழுதியோடு வலைக்கு ஓடிவந்திருந்தான். வெண்டல் அவனிடம் குனிந்தார். "தம்பி, உண்மையைச் சொல்லு. அப்பா உனக்கு என்ன சொன்னார்?"

ட்ராய் அவர் வாயையே உற்றுப் பார்த்தான். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, அப்பாவிடம் கையை நீட்டினான்.

லானி சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றி, காதில் மாட்டும் இரண்டு சின்னக் கருவிகளை எடுத்து மகனின் உள்ளங்கையில் வைத்தான்.

"கவசத்துக்குள்ள கீச்சுனு கத்தும். அதான் ஆட்டம் முடியற வரைக்கும் இவன் காது ரெண்டும் என் பையில இருக்கும். போன வருஷமும் அப்படித்தான்."

ப்ரெண்டா காகிதக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப இவ்வளவு நேரம் யாருக்குக் கத்தினீங்க?"

"உங்க கோடிக்குத்தான்" என்றான் லானி. "நல்ல பிள்ளைதாங்க. சொன்ன பேச்சைக் கேக்கறான்."